முள்

ஒன்பதாம் மாடி இநெஸ்ஸாவிடம்
ஒரு ஸெனித் கேமரா இருக்கிறது.
அதில் யாரும் யாரையும் படம் எடுத்ததில்லை.

செப்டம்பரில் அது முட்டைக்கோஸ் மேல் உட்காரும்.
உப்பிட்டுப் பிசைந்து பானையில் அமுக்கிய கோஸ்
மேலே மிதக்காதிருக்கக் கனம் வேண்டும்.
லிஃப்ட் ஓடாத கட்டடத்தில்
கல் தேடி யார் கீழே போவது?
பால் பையில் சுற்றித் தட்டின்மேல் வைத்தால்
மூன்று வாரம் தவம் கிடக்கும்.

அக்டோபரில் ஜன்னல் சந்தில் பஞ்சு திணித்துக்
கம்பளி தொங்கவிட ஆணி அடிக்க வேண்டும்.
சுத்தியலை ப்ரோஹர் எடுத்துப்போனான்,
அதோடு இப்போது வேறொருத்தி வீட்டில் இருக்கிறான்.
கேமராவின் அடிப்பக்கத்தால் நாலே தட்டு.
கேமராவுக்கு ஒரு கீறலும் இல்லை,
சுவரில்தான் காரை உதிர்ந்தது.

லென்ஸைத் திருகிக் கழற்றித்
தலைகீழாய்ப் பிடித்தால்
விரல்நுனி உழுத வயலாகும்.
மீன் ஆலையில் அவளும் நானும் ஒரே மேசை.
காட் மீனின் முள் கையுறைக்குள்ளும் வரும்.
ஊசியைத் தீயில் காட்டிவிட்டு
‘மூச்சு விடாதே, அசையாதே’ என்பாள்,
படம் பிடிக்கிறவர்கள் சொல்வதுபோலவே.

இன்னொரு முள் கேமராவுக்குள் இருக்கிறது.
நெற்றியில் தேன்கூட்டுக் கண்ணாடி,
அதன் பின்னே செலீனியம்.
பேட்டரி கேட்காது.
வெளிச்சம் பட்டால் முள் எழும்,
படாவிட்டால் படுக்கும்.
டிசம்பர் முழுக்க மூர்மன்ஸ்கில்
எங்களைப் போலவே அதுவும் படுத்துக் கிடக்கும்.

ஜனவரியில் பந்தயம்.
சூரியன் வந்துவிட்டதென்று வானொலி சொல்லும்.
வானொலிச் சூரியன் குன்றுக்கு அந்தப் பக்கம்.
எங்கள் கட்டடத்துக்கு
முள் சொன்னால்தான் சூரியன்.
சமையலறை ஜன்னலோரம் நடுப்பகலில்
வேலைக்குப் போகாதவர்களெல்லாம் கூடுவார்கள்.
பந்தயம் ஒரு புட்டி மோரோஷ்கா ஜாம்.
கடைசியில் நாள் சொன்னவர் கோஸ் தின்ன வேண்டும்,
இநெஸ்ஸாவின் கோஸ் தண்டனைதான்.

ஒரு வருஷம் முள் குதித்தது.
ஹோ என்று கத்தி
ரொதியோன் என்னை முத்தமிட்டான், அவன் மனைவியையும்.
பிறகு பார்த்தால் திரைக்குப் பின்னால்
ஏழு வயது வார்யா,
கையில் அப்பாவின் செல்போன் டார்ச்.
அடி விழவில்லை.
அரை நிமிஷம் எங்களுக்குச் சூரியன் இருந்ததே.

போன மார்ச்சில் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து
ஒரு நீளக்கோட்டுக்காரன் வந்தான்.
பின்கதவைத் திறந்து ஊதிப் பார்த்தான்.
‘ஷட்டர் கிழிந்திருக்கிறது. வேலை செய்யாது.’
‘என்ன வேலை?’ என்று கேட்டாள் இநெஸ்ஸா,
உண்மையிலேயே தெரியாமல்.
லென்ஸ் மட்டும் போதுமாம்.
கல்யாணப் படங்களில் பின்னாலிருக்கும் இலைகள்
அதில் சுழன்று சுழன்று தெரியுமாம்.
வெப்பக் கட்டணம் இரண்டு மாதம் பாக்கி.
கொடுத்துவிட்டாள்.

போகும்போது வாசலில் நின்று சொன்னான்:
‘இதை உறைக்குள் மூடி வைக்க வேண்டும்.
வெளிச்சம் பார்த்துப் பார்த்தே
செலீனியம் குருடாகும்.’
‘மூடி வைத்தால் அது என்னத்தைப் பார்க்கும்?’
என்றபடி கதவைச் சாத்தினாள்.

லென்ஸ் இருந்த குழியில் இப்போது வீட்டுச் சாவி.
உள்ளே ஒரு சின்னக் கண்ணாடி உண்டு,
சாவி சாவியையே பார்த்துக்கொண்டிருக்கும்.
விரலில் ஏறிய முள்ளைப்
பல்லால் கடித்து எடுக்கிறோம்.

இந்த ஜனவரி இருபத்தேழு.
எதிர்க் கட்டடத்தின் மேல்வரிசையில்
வெண்ணெய் தடவியதுபோல் ஒரு மஞ்சள்.
எல்லோரும் பார்த்தோம்.
கேமராவைத் தூக்கிக் காட்டினோம்,
தேன்கூட்டைச் சட்டைக் கையால் துடைத்தோம்.
முள் எழவில்லை.

‘அப்போது வரவில்லை’ என்றாள் இநெஸ்ஸா.
இருபத்தேழு என்று எழுதிக் கொடுத்தவன் ரொதியோன்.
ஜன்னலைக் காட்டிக் கத்தினான்.
‘பந்தயம் ஜன்னலோடு இல்லை, முள்ளோடு.’
வார்யா, இப்போது பன்னிரண்டு வயது,
டார்ச் அடித்துப் பார்க்கலாமா என்று
மெல்லக் கேட்டாள்.
யாரும் சரி என்று சொல்லவில்லை.

இநெஸ்ஸா கேமராவை மேசையில் ஒரு தட்டு தட்டினாள்,
ஆணி அடிக்கிற அதே தட்டு.
முள் ஒரு மயிரிழை அசைந்தது.
அது எழுந்ததா, அதிர்ந்ததா?
வழக்கு இன்னும் நடக்கிறது.
ஜாம் புட்டி எங்கள் வீட்டில்,
மூடி திறக்காமல்.